பிக்சர் டியூபுக்குள் என்ன நடக்கிறது? கேதோடு கதிர்க் குழாய்: ஓர் எளிய அறிமுகம்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில், எனாமல் தூக்குகளுக்கும் பீங்கான் ஜாடிகளுக்கும் நடுவே, மரப்பெட்டிக்குள் கதவு வைத்த கறுப்பு வெள்ளை டிவி ஒன்று இருந்தாலும் இருக்கும். பூட்டிக் கிடக்கும் செட்டிநாட்டு வீடுகளைப் படைப்புக்கோ கல்யாணத்துக்கோ திறக்கும்போது இரண்டாங்கட்டு அறையில் துணி போர்த்திய பெட்டி டிவி கிடைப்பதும் சாதாரணம். 2006-க்குப் பிறகு தமிழக அரசு வீடுதோறும் இலவசமாகக் கொடுத்த 14 அங்குல வண்ண டிவிகளும் இதே வகைதான். இதை மறுபடி ஓட்டலாமா, திறந்தால் ஷாக் அடிக்குமா, எடைக்குப் போட்டுவிடலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது. உள்ளே இருக்கும் கண்ணாடிக் குழாய் எப்படி வேலை செய்கிறது என்பது தெரிந்தால் பதில் தானாக வரும். முக்கியமாக, அதன் ஒவ்வொரு பாகமும் எந்தப் பொருளால் ஆனது, ஏன் அந்தப் பொருள் என்பது தெரிய வேண்டும். பிக்சர் டியூபில் வரும் பழுது பெரும்பாலும் ஏதோ ஒரு பொருளின் குணம் மாறியதால் வருவதுதான்.

வேலை செய்யும் விதம் எளிமையானது. குழாயின் மெல்லிய கழுத்துப் பகுதியில் ஓர் உலோகப் பரப்பைச் சூடாக்கினால் அதிலிருந்து எலக்ட்ரான்கள் வெளியே வரும். எதிர்முனையில் பல ஆயிரம் வோல்ட் கொடுத்து அவற்றை இழுக்கிறோம். போகும் வழியில் காந்தப் புலத்தால் வளைக்கிறோம். முன்கண்ணாடியின் உட்புறம் பூசிய பொடியில் அவை மோதும் இடம் ஒளிர்கிறது. ஒரு நேரத்தில் ஒளிர்வது ஒரு புள்ளிதான். அந்தப் புள்ளியை மிக வேகமாகத் திரை முழுக்க ஓட்டினால் கண்ணுக்கு முழுப்படமாகத் தெரிகிறது. ஜெர்மானிய இயற்பியலாளர் கார்ல் பெர்டினான்ட் பிரவுன் 1897-இல் இப்படியொரு குழாயை மின்னலைகளைக் கண்ணால் பார்ப்பதற்காகச் செய்தார். அழகப்பா செட்டியார் பொறியியல் கல்லூரி போன்ற இடங்களின் ஆய்வகங்களில் பல தலைமுறை மாணவர்கள் பார்த்த சி.ஆர்.ஓ. (கேதோடு கதிர் அலைகாட்டி) கருவி அதன் நேர் வாரிசு. டிவி பிற்பாடு வந்தது.

எலக்ட்ரான் புறப்படும் இடம்

டியூபின் உயிர் கேதோடில் இருக்கிறது. சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய நிக்கல் குழல் அது. அதற்குள் அலுமினா பூசிய டங்ஸ்டன் கம்பிச் சுருள் இருக்கும். இதைத்தான் மெக்கானிக்குகள் பிலமென்ட் என்கிறார்கள். வண்ண டியூபுகளில் இதற்கு 6.3 வோல்ட் தேவை. இருட்டில் டியூபின் பின்புறத்தைப் பார்த்தால் தெரியும் ஆரஞ்சு ஒளி இதுதான். அலுமினா மின்சாரத்தைக் கடத்தாது, வெப்பத்தைக் கடத்தும். அதனால் கம்பியின் சூடு கேதோடுக்குப் போகும், மின்னோட்டம் போகாது.

நிக்கல் குழலின் தலைப்பகுதியில் வெள்ளைப் பூச்சு ஒன்று உண்டு. பேரியம், ஸ்ட்ரான்ஷியம், கால்சியம் ஆகிய மூன்றின் கார்பனேட்டுகளைக் கலந்து பூசுவார்கள். தொழிற்சாலையில் காற்றை உறிஞ்சிக்கொண்டே சூடேற்றும்போது கார்பனேட்டுகள் கரியமில வாயுவை விட்டு ஆக்சைடுகளாக மாறும். முதலிலேயே ஆக்சைடாகப் பூசலாமே என்று தோன்றும். பேரியம் ஆக்சைடு வெளிக்காற்றின் ஈரத்தையும் கரியமில வாயுவையும் உடனே பிடித்துக்கொண்டு கெட்டுவிடும் என்பதால்தான் இந்தச் சுற்று வழி. நிக்கலில் மிகச் சிறிதளவு மக்னீசியம், சிலிக்கான் போன்றவை கலந்திருக்கும். சூட்டில் அவை பேரியம் ஆக்சைடிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்தெடுக்க, தனிப் பேரியம் அணுக்கள் மேற்பரப்புக்கு வரும். இந்தப் பேரியம் படிந்த பரப்பிலிருந்து எலக்ட்ரான்கள் எளிதில் கிளம்பும். வெறும் டங்ஸ்டன் என்றால் 2,000 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்க வேண்டும், இங்கே 800 டிகிரியை ஒட்டிய சூடு போதும். 1900-களின் தொடக்கத்தில் ஆர்தர் வெனெல்ட் கண்டுபிடித்த இந்த ஆக்சைடு கேதோடு இல்லையென்றால் வீட்டு டிவி சாத்தியமே இல்லை.

பேரியம் மெல்ல மெல்ல ஆவியாகித் தீரும். நிக்கலில் கலந்த சிறு பொருள்களும் தீரும். குழாய்க்குள் மிச்சமிருக்கும் வாயு மேற்பரப்பைக் கெடுக்கும். ‘டியூப் வீக் ஆயிருச்சு’ என்பதன் அர்த்தம் இதுதான். அறிகுறி தெளிவாகத் தெரியும்: போட்டவுடன் படம் வர நேரமாகும், வந்தாலும் மங்கலாக இருக்கும், வெள்ளைப் பகுதிகள் வழிந்து வெள்ளிப்பூச்சு போலத் தெரியும். வண்ண டியூபில் மூன்று கேதோடுகள் இருப்பதால் ஒன்று மட்டும் தளர்ந்தால் படம் முழுக்க ஒரு சாயம் ஏறும். சிவப்பு தளர்ந்தால் நீலப்பச்சையாக, நீலம் தளர்ந்தால் மஞ்சளாக.

வீக்கான டியூபுக்கு மெக்கானிக்குகள் செய்யும் வைத்தியம் இரண்டு. எல்.ஓ.டி. எனப்படும் ஹை வோல்டேஜ் டிரான்ஸ்பார்மரின் பெரைட் உள்ளகத்தில் ஒயரை ஒன்றிரண்டு சுற்றுக் கூடுதலாகச் சுற்றி, பிலமென்ட் வோல்டேஜைக் கொஞ்சம் ஏற்றுவது ஒன்று. கேதோடைச் சில நொடிகள் அதிகச் சூட்டில் வைத்து, அருகிலுள்ள கிரிட் என்ற துளையிட்ட உலோகக் கிண்ணத்துக்குப் பாசிட்டிவ் வோல்டேஜ் கொடுத்து மேல்பரப்பை உரித்துப் புதுப்பிப்பது மற்றொன்று. இரண்டும் மிச்சமிருக்கும் பேரியத்தைச் சீக்கிரம் செலவழிக்கின்றன, புதிதாக எதையும் சேர்ப்பதில்லை. சில மாதம் ஓடலாம், சில வாரத்தில் முடியவும் செய்யலாம். பழைய டிவியை நினைவுக்காக வைத்திருப்பவர்கள் கடைசி முயற்சியாக மட்டும் இதைச் செய்யச் சொல்லுங்கள். ஒன்று கவனிக்க: பெரும்பாலான வண்ண டிவிகளில் பிலமென்ட் சப்ளை எல்.ஓ.டி.யிலிருந்து நொடிக்கு 15,625 துடிப்புகளாக வருகிறது. சாதாரண டிஜிட்டல் மீட்டர் இதைச் சரியாகக் காட்டாது. மீட்டர் குறைத்துக் காட்டுகிறதே என்று வோல்டேஜை ஏற்றினால் நல்ல டியூபும் போய்விடும்.

அலுமினாப் பூச்சில் விரிசல் விழுந்தால் பிலமென்டும் கேதோடும் ஒன்றையொன்று தொட்டுவிடும். திடீரென்று திரை முழுக்கச் சிவப்போ பச்சையோ நீலமோ பளீரென்று எரிய, குறுக்கே சாய்வான மெல்லிய கோடுகள் தெரிந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். பிலமென்டுக்கு எல்.ஓ.டி.யில் தனியாகச் சுற்றுப் போட்டு, கிரவுண்டோடு சேராமல் பிரித்து விட்டால் டிவி தொடர்ந்து ஓடும்.

துப்பாக்கி

கேதோடுக்கு முன்னால் துளையிட்ட உலோகக் கிண்ணங்கள் வரிசையாக நிற்கும். எல்லாம் காந்தம் பிடிக்காத ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். கண்ணாடிக் கம்பிகளை உருக்கி இவற்றை ஒரே நேர்கோட்டில் பிடித்து வைத்திருப்பார்கள். முழுத் தொகுப்பையும் எலக்ட்ரான் துப்பாக்கி என்பது வழக்கம்.

முதல் கிரிட்டில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான துளை இருக்கும். கேதோடைவிட அது எவ்வளவுக்கு நெகட்டிவாக இருக்கிறதோ அவ்வளவு எலக்ட்ரான்கள் திரும்பிப் போகும். படத்தின் வெளிச்சம் கூடுவதும் குறைவதும் இங்கேதான். இரண்டாவது கிரிட்டுக்குச் சில நூறு வோல்ட். மூன்றாவது போகஸ் கிரிட், வண்ண டியூபில் 5,000 முதல் 8,000 வோல்ட் வரை. கடைசியில் எலக்ட்ரான்களை இழுக்கும் ஆனோடு: 12 அங்குலக் கறுப்பு வெள்ளை டியூபில் 10,000 முதல் 12,000 வோல்ட், 20 அங்குல வண்ண டியூபில் 25,000 வோல்ட் வரை. கிரிட்டுகளுக்கு இடையே உள்ள மின்புலம் லென்ஸ் ஒளியைக் குவிப்பது மாதிரி எலக்ட்ரான் கற்றையைக் குவிக்கிறது. 25,000 வோல்ட்டில் எலக்ட்ரானின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 90,000 கிலோமீட்டர், அதாவது ஒளியின் வேகத்தில் பத்தில் மூன்று பங்கு.

எல்.ஓ.டி.யின் உடம்பில் இரண்டு திருகுகள் இருக்கும். ஒன்று போகஸ், மற்றது ஸ்க்ரீன் எனப்படும் இரண்டாவது கிரிட். படம் மங்கலாக இருக்கிறது என்று ஸ்க்ரீன் திருகை ஏற்றி வைப்பது பலர் செய்யும் தவறு. கறுப்பு சாம்பலாகிவிடும், குறுக்குக் கோடுகள் தெரியும், கேதோடு தேவையில்லாமல் உழைக்கும். இருட்டறையில் கறுப்புக் காட்சி கறுப்பாகத் தெரியும் அளவுக்கு வைத்தால் போதும்.

போகஸ் பற்றி இன்னொன்று. ஐப்பசி, கார்த்திகை மழையில் டிவி போட்டவுடன் படம் கலங்கலாக வந்து, அரைமணி நேரத்தில் தானாகத் தெளிந்தால் டியூபைக் குறை சொல்லாதீர்கள். கழுத்தின் முனையில் செருகியிருக்கும் டியூப் சாக்கெட்டுக்குள் போகஸ் முனைக்கென்று ஒரு சிறு அறை உண்டு. அங்கே ஈரம் ஏறி உலோகம் பச்சை பூத்தால் போகஸ் வோல்டேஜ் கசியும். ஓடி ஓடிச் சூடாகும்போது ஈரம் காய்ந்து படம் தெளிகிறது. சாக்கெட்டை மட்டும் மாற்றினால் தீரும். இது தெரியாமல் ‘டியூப் போச்சு’ என்று தூக்கிப்போட்ட டிவிகள் ஏராளம், மனம் பொறுக்காத இழப்பு அது.

வெற்றிடமும் கெட்டரும்

குழாய்க்குள் காற்று இருந்தால் எலக்ட்ரான்கள் மூலக்கூறுகளில் மோதிச் சிதறும், கேதோடும் கெடும். ஆகவே வெளிக்காற்றின் அழுத்தத்தில் ஏறத்தாழ நூறு கோடியில் ஒரு பங்கு ஆகும் வரை உறிஞ்சி, கழுத்து முனைக் குழலை உருக்கி அடைக்கிறார்கள். எவ்வளவு உறிஞ்சினாலும் பிற்பாடு கண்ணாடியும் உலோகமும் கொஞ்சம் கொஞ்சமாக வாயுவை விடும். அதைப் பிடிப்பதற்கு உள்ளே கெட்டர் என்ற சிறு வளையம் வைப்பார்கள். அதில் பேரியம்-அலுமினியம் கலவையும் நிக்கல் பொடியும் இருக்கும். குழாயை அடைத்த பிறகு வெளியிலிருந்து ரேடியோ அலைச் சுருளால் வளையத்தைச் சூடாக்கினால் பேரியம் ஆவியாகிக் குழாயின் உட்புறம் முகம் பார்க்கும் கண்ணாடிபோல் பளபளக்கும் படலமாகப் படியும். எங்கிருந்து வாயு வந்தாலும் அது பிடித்துக்கொள்ளும்.

கறுப்பு வெள்ளை டியூபின் கழுத்தருகே இந்தப் படலம் வெளியிலிருந்தே தெரியும். பழைய டிவி வாங்குபவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. வெள்ளி நிறத்திலோ கருமை கலந்த பளபளப்பிலோ இருந்தால் வெற்றிடம் பத்திரம். பால்வெள்ளையாகவோ உதிர்ந்தோ இருந்தால் காற்று புகுந்துவிட்டது என்று பொருள். அந்த டியூபை எந்த மெக்கானிக்காலும் பிழைக்க வைக்க முடியாது. வண்ண டியூபில் கெட்டர் உள்ளே தள்ளி இருப்பதால் இப்படிப் பார்க்க முடியாது. ஓடும்போது கழுத்துக்குள் ஊதா ஒளி பரவினால் வாயு இருக்கிறது என்று அறியலாம்.

வளைப்பது

கழுத்து விரியத் தொடங்கும் இடத்தில் செப்புக் கம்பிச் சுருள்கள் மாட்டியிருக்கும். பெயர் யோக். ஒரு ஜோடி கற்றையை இடவலமாகவும் இன்னொரு ஜோடி மேல்கீழாகவும் வளைக்கும். நம் நாட்டின் தூர்தர்ஷன் முறையில் ஒரு படத்துக்கு 625 வரிகள், நொடிக்கு 25 முழுப்படம். ஒற்றைப்படை வரிகளை ஒருமுறை, இரட்டைப்படை வரிகளை மறுமுறை வரைவதால் திரை நொடிக்கு 50 முறை நிரம்புகிறது, படம் துடிப்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. 625-ஐ 25-ஆல் பெருக்கினால் 15,625. முன்னே சொன்ன எண் இங்கிருந்து வருவதுதான். ஒரு வரிக்கு ஒரு நொடியின் பத்து லட்சத்தில் 64 பங்கு நேரம். சிறுவர்களுக்குக் கேட்டு, பெரியவர்களுக்குக் கேட்காமல் போகும் ‘கீ’ என்ற மெல்லிய ஒலியும் இந்த அதிர்வெண்தான்.

சி.ஆர்.ஓ.வில் யோக் கிடையாது. கழுத்துக்குள்ளேயே உலோகத் தகடுகளை வைத்து மின்புலத்தால் வளைப்பார்கள். எந்த அதிர்வெண் வந்தாலும் அது உடனுக்குடன் தொடர்ந்து போகும். ஆனால் அதிகக் கோணத்துக்கு வளைக்க முடியாது, அதனால்தான் அந்தக் கருவியின் குழாய் ஒல்லியாக நீண்டிருக்கும். காந்தத்தால் 90 டிகிரி, 110 டிகிரி என்று வளைக்க முடிவதால் டிவி டியூபைக் குட்டையாகச் செய்யலாம்.

திரையில் குறுக்கே ஒரே ஒரு வெள்ளைக்கோடு மட்டும் தெரிந்தால் மேல்கீழ் வளைப்பு நின்றுவிட்டது. வெர்ட்டிக்கல் ஐ.சி. போயிருக்கும், அல்லது அதன் அருகில் சால்டரிங் விட்டிருக்கும். டிவியை உடனே அணையுங்கள். முழுத்திரைக்கும் பரவ வேண்டிய ஆற்றல் ஒரு கோட்டில் விழுவதால், கொஞ்ச நேரத்தில் பொடி கருகி நிரந்தரத் தழும்பாகிவிடும்.

ஒளிரும் பொடி

முன்கண்ணாடியின் உட்புறம் பூசியிருக்கும் பாஸ்பர் பொடிதான் எலக்ட்ரானின் ஆற்றலை ஒளியாக்குகிறது. கறுப்பு வெள்ளை டியூபில் இரண்டு பொடிகளின் கலவை: வெள்ளி கலந்த துத்தநாக சல்பைடு நீலமாக ஒளிரும், காட்மியமும் சேர்ந்தது மஞ்சளாக ஒளிரும், இரண்டும் சேர்ந்து வெள்ளை. பல சி.ஆர்.ஓ.க்களின் பச்சைக்குக் காரணம் செம்பு கலந்த துத்தநாக சல்பைடு. மிகச் சிறிதளவு கலக்கும் வெள்ளியும் செம்பும்தான் நிறத்தை முடிவு செய்கின்றன. வேண்டாத உலோகம் இரும்புபோல ஒன்று துளி கலந்தாலும் ஒளி செத்துவிடும். அதனால் இந்தப் பொடிகளைச் செய்வதில் தூய்மைதான் எல்லாம்.

வண்ண டியூபில் நீலத்துக்கு வெள்ளி கலந்த துத்தநாக சல்பைடு, பச்சைக்குச் செம்பும் அலுமினியமும் கலந்த துத்தநாக சல்பைடு. சிவப்புதான் நெடுநாள் தொல்லை கொடுத்தது. ஆரம்பகாலச் சிவப்புப் பொடி பலவீனமாக இருந்ததால் மற்ற இரண்டையும் அதற்கேற்பக் குறைக்க வேண்டியிருந்தது. 1960-களில் யூரோப்பியம் என்ற அரிய தனிமம் கலந்த யிட்ரியம் சேர்மங்கள் வந்த பிறகே வண்ண டிவி பளிச்சென்று ஆனது.

பொடியின் பின்புறம் அலுமினியப் படலம் ஒன்று உண்டு. தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராது. வேகமான எலக்ட்ரான்கள் அதைத் துளைத்துப் போகும். பின்பக்கம் போகும் ஒளியை அது முன்னே திருப்பும், பொடியில் சேரும் எலக்ட்ரான்களை ஆனோடுக்கு வடித்து விடும், கனமான அயனிகள் பொடியைக் கருக்காமல் காக்கும். கரடுமுரடான பொடியின் மேல் இதை எப்படிப் படியவைத்தார்கள் என்பது அழகான வேலை: முதலில் மெல்லிய அரக்குப் படலம் பரப்பி, அதன்மேல் அலுமினியத்தை ஆவியாக்கிப் படியவைத்து, பிறகு 400 டிகிரியை ஒட்டிச் சுட்டு அரக்கை எரித்துப் போக்கிவிடுவார்கள்.

நிறங்களைப் பிரிப்பது

ஆத்தங்குடிக் கல் செய்பவர்கள் கண்ணாடித் தகட்டின்மேல் உலோக அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நிறக் கரைசலை ஊற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். வண்ண டியூபின் முன்கண்ணாடியிலும் அச்சு வைத்துத்தான் மூன்று நிறப் பொடிகள் இடம் பிரிக்கப்படுகின்றன. ஆத்தங்குடியில் அச்சை எடுத்துவிடுவார்கள். இங்கே அச்சு டியூபுக்குள்ளேயே தங்கிவிடும். அதுதான் ஷேடோ மாஸ்க்.

அது ஏறத்தாழ 0.15 மி.மீ. தடிமனுள்ள எஃகுத் தகடு, திரைக்கு ஒரு செ.மீ. அளவு பின்னால் நிற்கும். லட்சக்கணக்கான துளைகள் உண்டு. ஒளிபட்டால் இறுகும் கரைசலில் ஒரு நிறப் பொடியைக் கலந்து கண்ணாடியில் பூசி, அதே மாஸ்க்கை மாட்டி, அந்த நிறத்தின் துப்பாக்கி இருக்க வேண்டிய இடத்திலிருந்து புறஊதா ஒளி பாய்ச்சுவார்கள். ஒளி பட்ட இடத்தில் பொடி ஒட்டிக்கொள்ளும், மீதியைக் கழுவிவிடுவார்கள். மூன்று நிறத்துக்கும் மூன்று முறை. ஒளி சென்ற வழியிலேயே பின்னால் எலக்ட்ரானும் செல்வதால், சிவப்புத் துப்பாக்கியின் கற்றை சிவப்புப் பொடியில் மட்டும் விழும். ஒரு கண்ணாடிக்குச் செய்த மாஸ்க் இன்னொரு கண்ணாடிக்குப் பொருந்தாது.

இந்த மாஸ்க்குக்காகக் கொடுக்கும் விலையும் பெரிது. எலக்ட்ரான்களில் ஏறத்தாழ 80 சதவீதம் மாஸ்க்கில் மோதி வீணாகிறது. 25,000 வோல்ட்டில் ஒரு மில்லியாம்பியர் என்றால் 25 வாட், அதில் 20 வாட் அந்த மெல்லிய தகட்டைச் சூடாக்குகிறது. தகடு விரிந்தால் துளைகள் இடம் மாறி நிறம் கெடும். நல்ல டியூபுகளில் எஃகுக்குப் பதில் இன்வார் என்ற இரும்பு-நிக்கல் கலவை போட்டது இதற்காகத்தான். 36 சதவீத நிக்கல் உள்ள அது எஃகில் பத்தில் ஒரு பங்குதான் விரியும்.

மாஸ்க் இரும்பு என்பதால் காந்தமேறும். ஸ்பீக்கரையோ காந்தத்தையோ அருகில் கொண்டுபோனால் திரையின் மூலையில் ஊதாவோ பச்சையோ திட்டாகத் தங்கிவிடுவது இதனால். திரையைச் சுற்றியுள்ள, காந்தத்தைப் போக்கும் டீகாஸிங் காயில் என்ற கம்பிச் சுருள் இதைச் சரிசெய்யும். மெயின் சுவிட்சைப் போட்டவுடன் கேட்கும் ‘தும்ம்’ ஒலி அதுதான். முதலில் பெரிய மின்னோட்டம் பாயும், ஒரு தெர்மிஸ்டர் சூடாகித் தடையைக் கூட்ட, மின்னோட்டம் சில நொடியில் தேய்ந்துபோகும். தெர்மிஸ்டர் ஆறாமல் இது மறுபடி வேலை செய்யாது. ரிமோட்டில் அணைத்துப் போட்டால் பல டிவிகளில் பயனில்லை. மெயின் சுவிட்சை அணைத்து, இருபது நிமிடம் விட்டுப் போடுங்கள். ஒலியே கேட்கவில்லை என்றால் தெர்மிஸ்டரை மாற்ற வேண்டும்.

பூமியின் காந்தப்புலமும் இதில் சேர்த்தி. அதன் குறுக்கே 30 செ.மீ. போகும் கற்றை 3 மி.மீ. வரை விலகும். ஆனால் செட்டிநாட்டுக்கு ஒரு வசதி உண்டு. காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனைக்கு அருகே போகிறது. காரைக்குடியில் பூமியின் காந்தப்புலம் ஏறத்தாழ படுக்கைவாட்டில், தெற்கு வடக்காகவே இருக்கிறது. செங்குத்தான புலம்தான் கற்றையை இடவலமாகத் தள்ளி, செங்குத்துப் பட்டைகளாக உள்ள பொடியில் நிறம் மாற வைக்கும். அது இங்கே மிகக் குறைவு. கிழக்கோ மேற்கோ பார்த்து வைத்தால் கற்றை மேல்கீழாக மட்டும் நகரும், நிறம் கெடாது. வடக்கோ தெற்கோ பார்த்தால் மூலைகளில் லேசாகத் தெரியலாம். சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து கொண்டுவந்த செட்டுகள் இங்கே நன்றாக ஓடுவதற்கு இது ஒரு காரணம். தென்கோளத்தின் ஆஸ்திரேலியாவுக்கென்று சரிசெய்த செட்டில் ஓரங்களில் சாயம் தெரியக்கூடும்.

கழுத்தில் வண்ணம் தடவி அடைத்த காந்த வளையங்கள் மூன்று ஜோடி இருக்கும். கற்றைகள் தத்தம் நிறப் பொடியில் விழவும், மூன்றும் ஒரே இடத்தில் சேரவும் வைப்பவை அவை. தூசு தட்டும்போதுகூட அவற்றைத் திருப்பாதீர்கள்.

கண்ணாடி

வேகமான எலக்ட்ரான்கள் மோதி நிற்கும் இடத்தில் எக்ஸ்-கதிர் பிறக்கும். அதைத் தடுப்பதும் வெளிக்காற்றின் அழுத்தத்தைத் தாங்குவதும் கண்ணாடியின் வேலை. ஒரே டியூபில் நான்கு விதக் கண்ணாடி உண்டு. பின்புறப் புனலில் ஈய ஆக்சைடு 22 முதல் 25 சதவீதம், கழுத்தில் அதைவிட அதிகம். முன்கண்ணாடியில் ஈயம் போட்டால் எலக்ட்ரான் பட்டுப் பட்டுப் பழுப்பாகிவிடும். அதனால் அங்கே பேரியமும் ஸ்ட்ரான்ஷியமும். பழுப்பேறாமல் இருக்கக் கொஞ்சம் சீரியமும் சேர்ப்பார்கள். முன்கண்ணாடியையும் புனலையும் ஒட்டுவது நான்காவது வகை: 70 சதவீதத்துக்கும் மேல் ஈய ஆக்சைடு உள்ள, 450 டிகிரிக்குள் உருகும் ஒட்டுக்கண்ணாடி. மாஸ்க்கையும் பொடியையும் கெடுக்காமல் ஒட்ட இந்தக் குறைந்த சூடு தேவை. டிவி சரியாக ஓடும்வரை வெளியே வரும் எக்ஸ்-கதிர் பொருட்படுத்த வேண்டாத அளவுதான்.

ஒவ்வொரு சதுர செ.மீ.யிலும் காற்று ஒரு கிலோ எடையோடு அழுத்துகிறது. 14 அங்குலத் திரையின்மேல் மட்டும் அரை டன். ஓரத்தை இறுக்கிச் சுற்றியிருக்கும் இரும்புப் பட்டை, கண்ணாடி விரிசல் விட்டாலும் சில்லுகள் பறக்காமல் பிடித்துக்கொள்ளும். அதை எப்போதும் கழற்றக் கூடாது. டியூபில் மிக மெல்லிய இடம் கழுத்து. டிவியைத் தூக்கும்போது திரை உங்கள் மார்பைப் பார்த்து இருக்கட்டும், எடை அந்தப் பக்கம்தான். கழுத்தைப் பிடித்து ஒருபோதும் தூக்காதீர்கள்.

புனலின் உட்புறமும் வெளிப்புறமும் கறுப்பாக கிராபைட் பூசியிருக்கும். உள்பூச்சு ஆனோடு, வெளிப்பூச்சு கிரவுண்ட், நடுவே கண்ணாடி. ஆக டியூபே ஒரு கண்டென்ஸர். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் பல ஆயிரம் வோல்ட் நாள்கணக்கில் தங்கலாம். திறப்பதானால் முதலில் டியூபின் வெளிப்பூச்சின்மேல் படிந்திருக்கும் பின்னல் கம்பியோடு ஒயரின் ஒரு முனையைக் கவ்வுங்கள். மறுமுனையை நீண்ட கைப்பிடியுள்ள ஸ்க்ரூடிரைவரோடு இணைத்து, ஒரு கையால் மட்டும், ஆனோடு ரப்பர் மூடிக்கு அடியில் நுழைத்துத் தொடுங்கள். ‘டக்’கென்று வெட்டும். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி செய்யுங்கள், கண்ணாடி கொஞ்சம் மின்னூட்டத்தைத் திரும்ப விடும். சர்க்யூட் போர்டில் இறக்கினால் ஐ.சி.க்கள் போய்விடும். இந்தப் பழக்கம் இல்லாதவர்கள் தெரிந்த மெக்கானிக்கை வைத்துச் செய்வது நல்லது.

பல ஆண்டு பூட்டிக் கிடந்த டிவியை நேராகப் பிளக்கில் செருகாதீர்கள். தூசு ஆனோடு மூடியைச் சுற்றித்தான் அதிகம் படியும். ஈரத்தோடு சேர்ந்தால் அதன் வழியே மின்சாரம் பாய்ந்து ‘கிர்ர்’ என்று ஒலிக்கும், ஓசோன் வாடை அடிக்கும். மின்னூட்டத்தை இறக்கிவிட்டு, காய்ந்த தூரிகையால் தூசு நீக்கி, மூடியின் அடியையும் சுற்றியுள்ள கண்ணாடியையும் ஐசோபிரபைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடுங்கள். பின்னல் கம்பி கிராபைட்டைத் தொட்டுக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். சப்ளைப் பகுதியின் பெரிய கண்டென்ஸர் உப்பியிருந்தால் மாற்றிவிடுங்கள். முதல்முறை போடும்போது டிவிக்குத் தொடராக ஒரு 100 வாட் குண்டு பல்பு வைத்தால், ஷார்ட் இருந்தாலும் பல்பு எரிந்து செட்டைக் காப்பாற்றும். பல்பு முதலில் மின்னி மங்கினால் நல்லது, முழு வெளிச்சத்தில் நின்றால் உடனே அணையுங்கள். சரியாக ஓடினால், முதல் சில மணி நேரம் படம் மங்கலாகத்தான் இருக்கும். சூடு ஏறி ஏறிக் கேதோடு ஓரளவு தேறும்.

தேறாத டியூபைச் செப்புக்காக யோக்கைப் பிடுங்கிவிட்டு ஊருணிக் கரையில் உடைத்துப் போடும் வழக்கம் நிற்க வேண்டும். ஈயம் கண்ணாடிக்குள் கட்டுண்டுதான் இருக்கிறது, ஆனால் நொறுங்கிய தூளிலிருந்து, அதுவும் அமிலம் பட்டால், கசியும். பழைய கறுப்பு வெள்ளைப் பொடியில் காட்மியமும் உண்டு. மின்னணுக் கழிவு விதிகளின்படி டிவியை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் முழுசாகக் கொடுக்க வேண்டும். கழற்றிய டியூபை அதுவரை வைத்திருப்பதானால் திரை கீழே இருக்கும்படி தடித்த துணியின்மேல், பிள்ளைகள் கை எட்டாத அறையில் வையுங்கள். தவறி உடைந்தால் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், பொடி பறக்கும். கையுறையும் முகமூடியும் போட்டு, பெரிய சில்லுகளைப் பொறுக்கி, ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, துணியோடு சேர்த்துக் கனமான பையில் கட்டி, அதே மறுசுழற்சியாளரிடம் கொடுங்கள்.